ஸ்டட்டுக்குப் பதிலாகக் கம்பித் துண்டு வைக்கலாமா?

கேள்வி இதுதான். இரண்டு மாடி வணிகக் கட்டடம், ஐ.எஸ்.எம்.பி. 300 பீம் (300 மி.மீ. உயர ஐ வடிவ இரும்பு), ஆறு மீட்டர் ஸ்பான், மேலே டெக் ஷீட் (வரிவரியாக மடித்த இரும்புத் தகடு) விரித்து எம்30 கான்கிரீட். வரைபடத்தில் 19 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. உயரமும் உள்ள ஸ்டட், அதாவது பீம்மேல் வெல்டு செய்து கான்கிரீட்டுக்குள் புதைகிற தலையுள்ள இரும்பு முளை, என்று போட்டிருக்கிறது. ஃபேப்ரிகேஷன் எடுத்தவரிடம் அதை வெல்டு செய்கிற ஸ்டட் கன் கிடையாது. “20 எம்.எம். டி.எம்.டி. கம்பியை எல் மாதிரி வளைத்து ராடு வெல்டிங்கில் பிடித்துக் கொடுக்கிறேன், ஸ்டட்டைவிட அது கனம்தானே” என்கிறார். சம்மதிக்கலாமா?

வேண்டாம். ஆனால் “கோடில் இல்லை, அதனால் கூடாது” என்று மட்டும் சொன்னால் அவர் கேட்க மாட்டார், நீங்களும் உள்ளுக்குள் குழப்பத்தோடுதான் இருப்பீர்கள். ஏன் கூடாது என்பதை அவரிடம் விளக்குகிற அளவுக்கு நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வாய்க்கால் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பலகை போட்டு நடந்திருப்பீர்கள். நடுவில் மிதித்தால் இரண்டும் வளையும், முனையில் பார்த்தால் மேல் பலகை கீழ்ப்பலகைமேல் லேசாக வழுக்கி நகர்ந்திருக்கும். அந்த வழுக்கலை முழுசாகத் தடுத்துவிட்டால், சம கனமுள்ள அதே இரண்டு பலகை நான்கு மடங்கு விறைப்பாகிவிடும், தாங்கும் எடை இரண்டு மடங்காகும். பலகை ஒன்றுகூடக் கூடவில்லை, வழுக்கல் நின்றது, அவ்வளவுதான். இரும்பு பீமும் மேலே உள்ள கான்கிரீட் தளமும் அதே கதைதான். உங்கள் கட்டடத்தில் டிசைன் செய்தவர் ஐ.எஸ்.எம்.பி. 300 போதும் என்று முடிவெடுத்ததே அந்த வழுக்கல் நடக்காது என்று நம்பித்தான். ஸ்டட் இல்லையென்றால் அந்த பீம் தனியாக நிற்கிற பீம், தளம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற சுமை.

வழுக்கலைத் தடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பாருங்கள். ஐ.எஸ்.எம்.பி. 300-இன் குறுக்குப் பரப்பு சுமார் 5,600 சதுர மி.மீ. 250 எம்.பி.ஏ. (சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன்) வலிமையுள்ள இரும்பு, 1.1 பாதுகாப்புக் காரணி. பெருக்கி வகுத்தால் கிட்டத்தட்ட 1,280 கிலோநியூட்டன். ஸ்பானின் நடுவிலிருந்து முனைவரை உள்ள மூன்று மீட்டருக்குள் இவ்வளவு விசையும் இரும்பிலிருந்து கான்கிரீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஏறக்குறைய 130 டன். இந்த விசை கடந்து போக ஸ்டட்டைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு ஸ்டட் எவ்வளவு தாங்கும்? ஐரோப்பிய விதியான யூரோகோடு 4 இரண்டு கணக்குப் போட்டு அதில் சிறியதை எடுக்கச் சொல்கிறது. நம் பாலங்களுக்கான ஐ.ஆர்.சி. 22-ம் இதே வடிவச் சூத்திரத்தைத்தான் தருகிறது. முதல் கணக்கு ஸ்டட்டின் தண்டு அறுவது: 450 எம்.பி.ஏ. ஸ்டட் என்றால் 19 மி.மீ.க்கு 81.7 கிலோநியூட்டன். இரண்டாவது ஸ்டட்டுக்கு முன்னால் உள்ள கான்கிரீட் நசுங்குவது: எம்30-க்கு 73.7 கிலோநியூட்டன். ஆக உங்கள் சைட்டில் கான்கிரீட்தான் முதலில் தோற்கும், ஒரு ஸ்டட்டுக்கு ஏழரை டன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், பலர் சறுக்குகிற இடம் இது. யூரோகோடு சூத்திரத்தில் வருவது உருளைக் கட்டியை நசுக்கி அளக்கிற சிலிண்டர் வலிமை. நம் எம்30 என்பது கனசதுரக் கட்டியை நசுக்கி அளக்கிற கியூப் வலிமை, சிலிண்டருக்கு அது 25தான். 30 என்றே போட்டால் 83 என்று வரும், இல்லாத பலம் காகிதத்தில் ஏறிவிடும்.

இந்தக் கான்கிரீட் கணக்கு அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஓல்கார்ட், ஸ்லட்டர், ஃபிஷர் மூவரும் செய்து 1971-இல் வெளியிட்ட சோதனைகளின் வழியில் வந்தது. இரும்பு பீமின் இரு பக்கமும் ஸ்டட் வைத்துக் கான்கிரீட் பலகை வார்த்து, பீமை மேலிருந்து அழுத்திப் பார்ப்பார்கள். புஷ்-அவுட் சோதனை என்று பெயர். இதில் தெரிந்த முக்கியமான விஷயம், ஸ்டட் மொத்த உயரத்திலும் சமமாக வேலை செய்வதில்லை. விசையில் பெரும்பங்கு அடிப்பாகத்தில்தான் போகிறது. வெல்டிங் முடிந்ததும் ஸ்டட்டின் பாதத்தைச் சுற்றி உருகி எழும்பி நிற்கிற வளையம் இருக்கிறதே, அதுவும் அதற்கு முன்னால் உள்ள ஒரு கைப்பிடி கான்கிரீட்டும்தான் முதல் அடியை வாங்குகின்றன. அந்தக் கான்கிரீட் நசுங்க ஆரம்பித்ததும் தண்டு வளைகிறது, மேலே உள்ள தலை தளம் எழும்பாமல் பிடித்துக்கொள்கிறது. வெறும் கம்பியாக இல்லாமல் தலையுள்ள ஸ்டட்டாக இருப்பது அதற்காகத்தான்.

அந்த வளைவுதான் இதில் அழகு. யூரோகோடு ஒரு இணைப்பானை நெகிழ்வுள்ளது என்று ஏற்க, உடையாமல் 6 மி.மீ. வரை நகர முடிய வேண்டும் என்கிறது. பீமின் முனையில் உள்ள ஸ்டட்டுக்குத்தான் வழுக்கல் அதிகம், முதலில் அதற்குத்தான் வலிக்கும். அது உடையாமல் வளைந்து கொடுத்தால் சுமை பக்கத்து ஸ்டட்டுக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு, இப்படியே பகிர்ந்து கடைசியில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு தாங்கி நிற்கும். சம இடைவெளியில் ஸ்டட் வைத்தால் போதும் என்கிற வசதி இதனால்தான் கிடைக்கிறது.

இப்போது உங்கள் எல் கம்பிக்கு வருவோம். டி.எம்.டி. கம்பியின் பலமே ஆலையில் தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்கும்போது அதன் வெளித்தோலில் உண்டாகிற கடினமான வளையம்தான். ராடு வெல்டிங் சூடு அந்தத் தோலிலேயே படுகிறது, அதுவும் நமக்கு அதிகம் தேவைப்படுகிற பாதத்தில். சில கம்பி அங்கே இளகும், சிலது கார்பன் அளவைப் பொறுத்து மொறுமொறுப்பாகிப் போகும். எது எப்படி ஆகும் என்று கம்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சுற்றிலும் ஒரே அளவு வெல்டு விழுவதும் கிடையாது. எல் வடிவின் உள்பக்கம் ராடு எட்டாது, இரண்டு பக்கம் பூசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட இணைப்பு 6 மி.மீ. வளையாமல் பட்டென்று விடும். முனையில் ஒன்று விட்டால் அதன் சுமை முழுசாக அடுத்ததன்மேல் விழும், அதுவும் விடும். இழுத்த சட்டையில் பட்டன் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறிக்குமே, அப்படி. கம்பி 20 மி.மீ., ஸ்டட் 19 மி.மீ. என்று கனத்தை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, உண்மையான ஸ்டட்டையே வாங்கி ராடு வெல்டிங்கில் பிடித்தால்? அது முழுக்கத் தடை இல்லை. அமெரிக்க வெல்டிங் விதியான ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 அதற்கு இடம் தருகிறது, ஆனால் நிபந்தனைகளோடு: ஸ்டட்டின் அடி பீமோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார வேண்டும், இ7018 போன்ற லோ-ஹைட்ரஜன் ராடு, 19 மி.மீ. ஸ்டட்டுக்குச் சுற்றிலும் முழுசாகக் குறைந்தது 8 மி.மீ. ஃபில்லெட் (மூலையில் பூசுகிற வெல்டு). டெக் ஷீட்டின் வழியாக இதைச் செய்யவே முடியாது, ஒவ்வொரு இடத்திலும் ஷீட்டை வட்டமாக வெட்ட வேண்டும். நாலைந்து ஸ்டட் என்றால் செய்யலாம், விடுபட்டதைச் சரிசெய்யவும் இதுதான் வழி. நூற்றுக்கணக்கில் என்றால் 50-ஆவது ஸ்டட்டில் வெல்டரின் கையும் கண்ணும் களைத்துவிடும். ஆகவே என் பதில், ஸ்டட் கன் வைத்திருக்கிற ஆட்களை வேலைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்துக்கு வேண்டியதை ஓரிரு நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கன் என்ன செய்கிறது என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள், முகக் கண்ணாடியோடு. ஸ்டட்டின் அடிமுனையில் சின்னதாக ஒரு அலுமினியப் பொட்டு பதித்திருக்கும், உருகும்போது ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ள. பீம்மேல் வெள்ளைப் பீங்கான் வளையம் ஒன்று உட்காரும், ஃபெரூல் என்பார்கள். கன்னை அழுத்திப் பிடித்து டிரிக்கரை இழுத்ததும் ஸ்டட் இரண்டு மூன்று மி.மீ. மேலே எழும், அடியில் ஆர்க் பிடிக்கும், 19 மி.மீ.க்குச் சுமார் 1,500 முதல் 1,700 ஆம்பியர், முக்காலிலிருந்து ஒரு விநாடி. அந்த நேரத்துக்குள் ஸ்டட்டின் முனையும் பீமின் மேற்பரப்பும் சேர்ந்து உருகிக் குளமாக நிற்கும். அப்புறம் ஸ்பிரிங் ஸ்டட்டை அந்தக் குளத்துக்குள் குத்தும். பிதுங்கி வெளியே வருவதை ஃபெரூல் அச்சு மாதிரி பிடித்து வளையமாக்கும். ஆள் கன்னை ஆட்டாமல் இன்னும் ஒரு நொடி பிடித்திருக்க வேண்டும். எடுத்ததும் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பீங்கான் நொறுங்கி விழும், உள்ளே நீலமும் சாம்பலும் கலந்த பளபளப்பில் முழு வளையம் தெரியும். ராடு வெல்டிங்போல ஓரத்தில் பிடித்த இணைப்பு இல்லை இது, ஸ்டட்டின் குறுக்குப் பரப்பு முழுதும் பீமோடு ஒன்றாகிவிடுகிறது.

இந்த முறை பிறந்தது கட்டடத்துக்காக இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிபோர்னியாவின் மேர் ஐலண்ட் கடற்படைத் தளத்தில் டெட் நெல்சன் என்பவர், போர்க்கப்பல்களின் இரும்புத் தளத்தில் மரப்பலகை பிடிக்க இதை உருவாக்கினார். அதுவரை துளை போட்டு, கீழே ஒரு ஆள் மேலே ஒரு ஆள் நின்று போல்ட் முறுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் பழைய இன்ஜினியர்கள் நெல்சன் ஸ்டட் என்றே சொல்வது அதனால்தான். பிறகு 1950-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஐவன் வீஸ்ட் செய்த சோதனைகள்தான் பாலத்துக்கும் கட்டடத்துக்கும் இதைக் கொண்டுவந்தன.

ஆட்கள் வந்ததும் நீங்கள் கவனிக்க வேண்டியவை. பீமின் மேல் ஃபிளேஞ்சில் (மேலே படுத்திருக்கிற தகடு) பெயிண்ட் இருக்கவே கூடாது. ஃபேப்ரிகேட்டருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள், வழக்கமாக அவர்கள் நாலு பக்கமும் பிரைமர் அடித்துத்தான் அனுப்புவார்கள், பிறகு உயரத்தில் நின்று கிரைண்டர் போடுவது பெரிய பாடு. ஷீட்டுக்கும் பீமுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் ஷீட் நன்றாக அமர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது, இரண்டு ஷீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிற இடத்தில் வெல்டு செய்ய விடாதீர்கள். எர்த் கிளாம்ப் ஒரே பக்கம் போட்டால் ஆர்க் ஒரு பக்கமாக இழுக்கப்பட்டு வளையம் அரைகுறையாக வரும், இரண்டு பக்கமும் போடச் சொல்லுங்கள். ஃபிளேஞ்ச் கனத்தையும் பாருங்கள்: ஸ்டட் நேராக வெப்புக்கு (பீமின் நடுவில் நிற்கிற தகடு) மேலே இல்லையென்றால் அதன் விட்டம் ஃபிளேஞ்ச் கனத்தில் இரண்டரை மடங்கைத் தாண்டக் கூடாது. 19 மி.மீ.க்குக் குறைந்தது 7.6 மி.மீ. ஃபிளேஞ்ச். உங்கள் ஐ.எஸ்.எம்.பி. 300-க்குப் பிரச்சினை இல்லை, ஆனால் பி.இ.பி. (ஆலையிலேயே செய்து கொண்டுவந்து பூட்டுகிற) கட்டடங்களில் 6 மி.மீ. தகட்டில் செய்த பீம்மேல் 19 மி.மீ. ஸ்டட் வரைந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஸ்டட் நன்றாகத்தான் ஒட்டும், இழுத்தால் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும்.

ஈரம் இருக்கிறதே, அதுதான் என் அனுபவத்தில் முதல் எதிரி. ஒரு மேம்பால வேலை, ஐப்பசி மாதம், இரண்டு நாள் அடைமழை விட்டு மூன்றாம் நாள் வெயில். கர்டர் காய்ந்துவிட்டது, துடைத்தும் விட்டோம், எல்லாம் சரி என்று ஆரம்பித்தோம். முதல் ஸ்டட்டிலேயே சத்தம் வேறு மாதிரி இருந்தது. நல்ல வெல்டு சீராக ஒரே இழுப்பில் பொரியும். இது படபடவென்று வெடித்தது, ஃபெரூல் ஓட்டைகள் வழியாக நெருப்புப் பொறி சிதறியது. பீங்கானைத் தட்டிப் பார்த்தால் வளையம் முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை. சுத்தியலால் ஒரே அடி, ஸ்டட் எகிறிப் போய் விழுந்தது, அடியில் வெல்டு பிடித்த அடையாளம் கால்வாசிகூட இல்லை. காரணம் கர்டர் இல்லை. ஃபெரூல் பெட்டிகளைச் சிமெண்ட் கொட்டகையில் தரையில் வைத்திருந்தார்கள், பீங்கான் ஈரத்தை முழுசாகக் குடித்திருந்தது. 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்துக் காயவைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம், அதே கன், அதே கர்டர், அதே ஆள், வளையம் முழு நிலாவாக வந்தது. அன்றைக்கு அந்தச் சத்தத்தை யாரும் காதில் வாங்காமல் விட்டிருந்தால் அத்தனையும் கான்கிரீட்டுக்குள் போயிருக்கும், அப்புறம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதல் இரண்டு ஸ்டட்டை வெல்டு செய்து ஆறவிட்டு, சுத்தியலால் 30 டிகிரி சாய்க்க வேண்டும். விரிசல் விடாமல் சாய்ந்தால்தான் மற்றது ஆரம்பிக்கலாம். பிறகு எல்லா ஸ்டட்டையும் கண்ணால் பார்க்க வேண்டும், வளையம் 360 டிகிரியும் முழுசாக இருக்கிறதா என்று. எங்காவது குறைந்தால் குறை இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக 15 டிகிரி சாய்த்துப் பாருங்கள், அப்போதுதான் குறையுள்ள பக்கம் இழுபடும். உடையவில்லை என்றால் தேறியது. கூடவே எல்லாத் தலையையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவது என் வழக்கம், நல்லது கிண்ணென்று மணி மாதிரி பேசும், கெட்டது டொக்கென்று நிற்கும். இன்னொரு எளிய வழி: கொத்தனார் நூல் பிடிப்பதுபோல ஸ்டட் தலைகள்மேல் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். 19 மி.மீ. ஸ்டட் உருகிக் குத்தியதில் நேராக பீமில் என்றால் சுமார் 5 மி.மீ. குறையும், ஷீட் வழியாக என்றால் 9, 10 மி.மீ. நூலுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பது சரியாக உருகாதது, அதை முதலில் சந்தேகப்படுங்கள்.

சாய்த்த ஸ்டட்டை நிமிர்த்த விடாதீர்கள். சைட்டுக்கு வருகிற உரிமையாளர் “ஏன் சார் கோணலாக நிற்கிறது” என்று கேட்பார், சூப்பர்வைசர் உடனே பைப்பை மாட்டி நிமிர்த்தப் போவார். சாய்ந்தபடியே விட வேண்டும் என்பதுதான் விதி, தேறிய ஸ்டட் கோணலாகவே முழு வேலை செய்யும். நிமிர்த்தினால் பாதத்தை இன்னொரு முறை வளைத்தது ஆகும்.

எத்தனை ஸ்டட் என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். 1,280-ஐ 73.7-ஆல் வகுத்தால் பாதி ஸ்பானுக்கு 18, மொத்தம் 36. ஆனால் இது ஷீட் இல்லாத கெட்டித் தளத்துக்கு. உங்களுடையதில் ஷீட்டின் வரிகள் பீமுக்குக் குறுக்கே ஓடுகின்றன, ஸ்டட்டை வரிப் பள்ளத்தில் மட்டும்தான் வைக்க முடியும். பள்ளம் 300 மி.மீ.க்கு ஒன்று என்றால் ஆறு மீட்டரில் 20 பள்ளம்தான். பள்ளத்துக்கு இரண்டாக 40 வைக்கலாம், ஆனால் அந்தக் குறுகலான கான்கிரீட்டில் பலம் குறையும். 1 மி.மீ. வரை உள்ள ஷீட்டில் பள்ளத்துக்கு ஒன்று என்றால் அதிகபட்சம் 85 சதவீதம், இரண்டு என்றால் 70 சதவீதம்தான் கணக்கில் எடுக்கலாம். பாதி ஸ்பானுக்கு 20 ஸ்டட், ஒன்றுக்கு 51.6, ஆக 1,032 கிலோநியூட்டன், வேண்டியதில் 81 சதவீதம். இதைப் பகுதி இணைப்பு என்பார்கள், இந்த ஸ்பானுக்கு அது அனுமதிக்கப்பட்டதுதான், பீமின் தாங்குதிறனை அதற்கேற்ப கொஞ்சம் குறைத்துக் கணக்கிட்டால் போதும். உங்கள் டிசைனர் அப்படித்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன், ஆனாலும் கேட்டுவிடுங்கள். ஸ்டட் வெல்டு முடிந்த பிறகு ஷீட்டின் உச்சிக்கு மேலே குறைந்தது விட்டத்தில் இரண்டு மடங்கு, அதாவது 38 மி.மீ. நிற்க வேண்டும். 50 மி.மீ. ஷீட்டுக்கு 100 மி.மீ. ஸ்டட் சரி, 75 மி.மீ. ஷீட்டை யாராவது மாற்றிக் கொண்டுவந்தால் 125 மி.மீ. ஸ்டட் வேண்டும். கம்பி கட்டுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கீழ்க்கம்பி ஸ்டட் தலைக்கு அடியில் 30 மி.மீ. விட்டு ஓட வேண்டும், தலைக்கு மேலே ஏறிப் போனால் ஸ்டட் வரிசையை ஒட்டித் தளம் பிளப்பதைத் தடுக்காது.

உங்களுடையது கட்டடம், அதனால் இவ்வளவு போதும். பாலமாக இருந்தால் கதை வேறு. வண்டி போகப் போக ஒவ்வொரு ஸ்டட்டும் லட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் இழுபடும். இப்படித் திரும்பத் திரும்ப இழுபட்டு இரும்பு உடைவதைக் களைப்பு என்பார்கள், யூரோகோடில் ஸ்டட்டின் களைப்புக் கோட்டுக்கு அடுக்கு 8. அதாவது அழுத்த ஏற்ற இறக்கம் பத்து சதவீதம் கூடினாலே ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும், 1.1-ஐ எட்டு முறை பெருக்கிப் பாருங்கள், 2.14 வரும். பாலத்தின் முனைகளில் ஸ்டட் நெருக்கமாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஜெர்மன் பால இன்ஜினியர் லியோன்ஹார்ட்டின் நிறுவனம் வெனிசுவேலாவில் கரோனி ஆற்றின் மூன்றாவது பாலத்துக்காக, துளை போட்ட தகட்டையே நிறுத்திவைத்து அதன் துளைக்குள் கான்கிரீட் புகுந்து பூட்டிக்கொள்கிற பெர்ஃபோபாண்ட் முறையைக் கொண்டுவந்ததும் இந்தக் களைப்புக்குப் பதில் தேடித்தான்.

கடைசியாக, சோதனையில் உடைந்த ஸ்டட்டை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த இடத்தைக் கிரைண்டரால் பீமின் மட்டத்துக்கு வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். மேல் ஃபிளேஞ்ச் அழுத்தத்தில் இருக்கிற உங்கள் மாதிரி சாதாரண பீமில் புது ஸ்டட்டைப் பக்கத்திலேயே வெல்டு செய்துகொள்ளலாம். தொடர் பீமாக இருந்து நடுத்தூணின் மேலே மேல் ஃபிளேஞ்ச் இழுவையில் இருந்தால், பிய்ந்த குழியை லோ-ஹைட்ரஜன் ராடால் நிரப்பித் தேய்த்து மட்டமாக்கிய பிறகுதான் அடுத்த வேலை. இரண்டிலும் மாற்றிய ஸ்டட்டையும் தட்டிச் சாய்த்துப் பார்த்துவிட்டே கான்கிரீட்டுக்கு ஆள் சொல்லுங்கள்.